18,70,374: ஒரு மாவட்டத்தின் தலைக்கணக்கும் அந்த எண்ணின் குணமும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இறுதிக் கணக்கில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள் 18,70,374 பேர். ஆண்கள் 9,26,345, பெண்கள் 9,44,029. ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள் என்ற விகிதம் இங்கிருந்து வந்ததுதான். பேச்சில் யாரும் இதை முழுசாகச் சொல்வதில்லை. "பதினெட்டே முக்கால் லட்சம்" என்றால் போதும். ரேஷன் ஒதுக்கீட்டுக்கும் பேருந்துக் கணக்குக்கும் அந்தத் துல்லியமே தாராளம்.

எண்ணியல், அதாவது முழு எண்களின் இயல்பை ஆராயும் கணிதப் பிரிவு, படித்தவருக்கு அது போதாது. அவருக்கு 18,70,374 ஓர் அளவு அல்ல, தனக்கென்று குணம் உள்ள ஓர் ஆள். அதற்கு முன்னால் நிற்கும் 18,70,373 வேறு ஆள், பின்னால் நிற்கும் 18,70,375 இன்னொரு ஆள். கணக்கெடுப்பு நாளில் தோவாளையிலோ குளச்சலிலோ ஒரு குழந்தை கூடுதலாகப் பிறந்திருந்தால் மாவட்ட நிர்வாகத்துக்கு எந்த வித்தியாசமும் இல்லை. எண்ணின் குணமோ தலைகீழாக மாறியிருக்கும். எனவே இந்த எண்ணின் இயல்பைக் கொண்டு மாவட்டத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஏழு இலக்க முழு எண் ஒன்றை எப்படிப் பார்ப்பது, எந்த வகைப்பாட்டுக்கு மதிப்பு, எதற்கு இல்லை என்று காட்ட நமக்கு ஓர் எண் வேண்டும். பக்கத்திலேயே கிடப்பதை எடுத்துக்கொள்வோம்.

எழுத்திலிருந்து வரும் பண்புகள்

மலிவானவற்றை முதலில் முடித்துவிடலாம். 18,70,374-இன் இலக்கங்களை ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1 + 64 + 49 + 0 + 9 + 49 + 16 = 188. அதையே மறுபடி செய்தால் 129, பிறகு 86, பிறகு 100, கடைசியில் 1. இப்படி 1-இல் வந்து முடியும் எண்களுக்கு மகிழ்ச்சி எண்கள் என்று பெயர். பத்து லட்சத்துக்குள் ஏறத்தாழ ஏழில் ஒன்று இந்த வகை. முடியாதவை 4, 16, 37, 58, 89, 145, 42, 20 என்ற சுழலில் மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். நம் எண்ணுக்கு இரு பக்கமும் இருக்கும் எண்கள் அந்தச் சுழலில் விழுகின்றன. கன்னியாகுமரியின் தலைக்கணக்கு மட்டும் மகிழ்ச்சி எண் என்று தலைப்புப் போட யாருக்கும் கை துறுதுறுக்கும்.

ஆனால் இது நாம் பத்து பத்தாக எண்ணுவதால் வந்த பண்பு. எட்டை அடிமானமாகக் கொண்டு எழுதினால் இலக்கங்களே வேறு, கூட்டலும் வேறு. பழைய தமிழ் எழுத்துமுறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் உண்டு, சுழியம் கிடையாது. அங்கே இந்த விளையாட்டைத் தொடங்கவே முடியாது.

மக்கள் நெருக்கமும் இப்படித்தான். மாவட்டப் பரப்பு 1,684 சதுர கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் 1,110.67 வரும், முழுமையாக்கினால் 1,111. நான்கு ஒன்றுகள் வரிசையாக நிற்பது கண்ணுக்கு அழகு. பரப்பு 1,672 என்று இன்னொரு கணக்கும் புழக்கத்தில் உண்டு. அதை வைத்தால் 1,119. அழகு காணாமல் போகிறது.

இதற்கு நேர்மாறாக, எழுத்தில் தெரியாமல் ஒளிந்திருக்கும் பண்புகளும் உண்டு. முக்கடல் கூடும் இடத்தில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி, குறளின் அதிகாரங்களுக்கு ஓர் அடி வீதம். குறட்பாக்கள் 1,330. இந்த 1,330 பதினொன்றின் கனமான 1,331-க்கு ஒன்று குறைவு. பதினொன்றை அடிமானமாகக் கொண்டு எண்ணும் ஊர் ஒன்று இருந்தால் அங்கே 133 என்பது 111 என்று எழுதப்படும், ஏனெனில் 121 + 11 + 1 = 133. இதுவும் எழுத்தின் வேலைதான், ரசிக்கலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் 21 பேரில் மூன்று பேர் கொண்ட குழுவை 1,330 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அப்படியல்ல. எந்த மொழியில் எழுதினாலும், எந்த அடிமானத்தில் எண்ணினாலும் அது மாறாது. ஒரு பண்பை மதிப்பிட நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: எழுதும் முறையை மாற்றினால் இது தங்குமா?

பெருக்கலால் வரும் குணம்

தங்கும் பண்புகளில் முதன்மையானது, எண் எந்தப் பகா எண்களின் பெருக்கலாக உடைகிறது என்பது. எட்டாம் வகுப்பு மாணவர் செய்வது போலவே செய்யலாம். கடைசி இலக்கம் 4, ஆகவே 2-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூடுதல் 30. எனவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. (இந்தச் சின்னச் செய்தியை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.) ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால், 4 − 7 + 3 − 0 + 7 − 8 + 1 = 0; எனவே 11-ஆலும் வகுபடும். இம்மூன்றையும் பெருக்கினால் 66. அதால் வகுத்தால் மிஞ்சுவது 28,339.

இனி குறுக்குவழி இல்லை. ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டியதுதான். 7-இல் மீதி, 13-இல் மீதி, 17-இல் சரியாகப் போகிறது: 28,339 = 17 × 1,667. இந்த 1,667 உடையுமா? 41-இன் வர்க்கம் 1,681, அது 1,667-ஐத் தாண்டிவிட்டது. எனவே 37 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதனாலும் வகுபடவில்லை, ஆக அது பகா எண். முடிவு:

18,70,374 = 2 × 3 × 11 × 17 × 1,667

இந்த ஒரு வரி கையில் கிடைத்துவிட்டால் பல கேள்விகளுக்கு மனக்கணக்காகவே விடை சொல்லலாம். ஐந்து வெவ்வேறு பகாக் காரணிகள். ஒவ்வொன்றையும் எடுக்கலாம், விடலாம். ஆகவே மொத்தக் காரணிகள் 2 × 2 × 2 × 2 × 2 = 32. மட்டி வாழைக்கன்றுகள் 18,70,374 இருக்கின்றன, அவற்றை ஒரு கன்றும் மிஞ்சாமல் செவ்வகமாக நட வேண்டும் என்று வையுங்கள். 16 விதமாக நடலாம். அவற்றில் சதுரத்துக்கு மிக அருகில் வருவது 1,122 வரிசை, வரிசைக்கு 1,667 கன்று.

ஒரு கன்று பட்டுப்போய் 18,70,373 ஆனால்? ஒரே நீள வரிசைதான் வழி. அது பகா எண். 1,367 வரையுள்ள 219 பகா எண்களில் ஒன்றுகூட அதை மீதியின்றி வகுக்கவில்லை. (1,368-இன் வர்க்கம் எண்ணைத் தாண்டிவிடுவதால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை.) ஒரு கன்று கூடி 18,70,375 ஆனால் கதை மறுபடி மாறுகிறது: 5 × 5 × 5 × 13 × 1,151. காரணிகள் 16, செவ்வகங்கள் எட்டு.

மாவட்டத் தலைக்கணக்குக்கு ஒட்டியபடியே ஒரு பகா எண் நிற்பது அதிசயம் போலத் தோன்றும். அவ்வளவு அதிசயமில்லை. இந்த உயரத்தில் எண்களில் ஏறத்தாழ பதினான்கில் ஒன்று பகா எண். ஆனால் நம் எண் 2, 3, 11, 17 ஆகியவற்றால் வகுபடுவதால், அதன் அடுத்த வீட்டு எண்களை இந்த நான்கும் வகுக்க வாய்ப்பே இல்லை. அந்த ஆபத்துகள் நீங்கிய பிறகு கணக்குப் போட்டால் அடுத்த வீட்டு எண் பகா எண்ணாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்ற அளவுக்கு ஏறிவிடுகிறது. காரணிகள் நிறைந்த எண்ணின் பக்கத்தில் பகா எண்ணைத் தேடுவது நல்ல உத்தி என்பது எண்ணியலில் பழகிய செய்தி.

வகைப்பாடுகளுக்கு வருவோம். எந்தப் பகாக் காரணியும் இரண்டாம் முறை வராததால் 18,70,374 வர்க்கக் காரணி அற்ற எண். எண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 61 இந்த வகை. சரியான பங்கு 6-ஐ π-இன் (பை, வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. வட்டத்துக்கும் வகுபடுவதற்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட உறவு அது. விளக்கினால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

அடுத்தது, ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் நிக்கோமாக்கஸ் என்ற கிரேக்கர் எழுதிவைத்த மூன்று பிரிவுகள். ஓர் எண்ணைவிடச் சிறிய அதன் காரணிகளையெல்லாம் கூட்டு. கூடுதல் எண்ணுக்குச் சமமானால் நிறைவு எண்: 6, 28, 496, 8,128. குறைந்தால் குறை எண், மிஞ்சினால் மிகை எண். நம் எண்ணின் காரணிகளைக் கூட்டினால் 24,53,082. எண்ணைவிட 5,82,708 அதிகம். ஆக மிகை எண். இதற்கு இந்தப் பெரிய கூட்டலே தேவையில்லை. 6-ஆல் வகுபடும் எந்த எண்ணுக்கும் அதன் பாதியும் மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் காரணிகள். அம்மூன்றையும் கூட்டினாலே எண் முழுசாக வந்துவிடும். 1 என்பது எல்லாருக்கும் காரணி. ஆகவே 6-ஐத் தவிர அதன் மடங்குகள் அத்தனையும் மிகை எண்கள். இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் பட்டத்தைப் பெரிய தகுதியாக நினைக்க வேண்டாம். எண்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மிகை எண்தான். 18,70,373 பகா எண் என்பதால் குறை எண். 18,70,375-உம் குறை எண்: சிறிய காரணிகளின் கூடுதல் வெறும் 6,45,593.

32 காரணிகள் அதிகமா, குறைவா? இராமானுசன் 1915-இல் வெளியிட்ட ஆய்வில், தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை அட்டவணையிட்டார். நம் எண்ணைவிடச் சிறியதான 14,41,440 அதில் உண்டு. அதற்கு 288 காரணிகள். அதன் பக்கத்தில் வைத்தால் நம் 32 எளிய குடும்பம்தான். இன்னொரு அளவுகோல் வைத்தால் படம் மாறும். 1917-இல் ஹார்டியும் இராமானுசனும் சேர்ந்து, ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்று கண்டார்கள். விடை, எண்ணின் இயல் மடக்கைக்கு (natural logarithm) இன்னொரு முறை மடக்கை எடுத்தால் வருவது. நம் எண் இருக்கும் உயரத்தில் அது 2.67. நம்மிடம் 5 இருக்கிறது, வழக்கத்துக்குச் சற்று மேல். இந்த அளவு எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பதுதான் வியப்பு: நூறு இலக்க எண்ணுக்கே ஐந்தரையைத் தொடாது.

கூட்டல் உள்ளே வரும்போது

இதுவரை பெருக்கல் மட்டும். ஆனால் 18,70,374 பெருக்கிப் பிறந்த எண் அல்ல, இரண்டு எண்களைக் கூட்டிப் பிறந்தது. ஆண்கள் 9,26,345. அது 5 × 7 × 7 × 19 × 199. இந்தக் காரணிகளில் ஏதாவது மொத்தத்தில் தெரிகிறதா? 5 இல்லை, 7 இல்லை, 19 இல்லை, 199 இல்லை. பெண்கள் எண்ணிக்கையோடு அதற்குப் பொதுக் காரணி எதுவும் இல்லை, இரண்டும் சார்பகா எண்கள். அதனால் ஒரு பக்கத்தின் பகாக் காரணி எதுவும் கூட்டுத்தொகைக்குக் கடந்துபோக வழியே இல்லை.

சிலைக் கணக்கை இதோடு ஒப்பிடலாம். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு. அதன் மேல் நிற்கும் சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த அதிகாரங்களுக்கு. 38 என்பது 2 × 19; 95 என்பது 5 × 19; கூட்டினால் 7 × 19 = 133. மீப்பெரு பொதுக் காரணி 19 கூட்டலைத் தாண்டி அப்படியே நிற்கிறது. பொதுக் காரணி இருந்தால் கூட்டல் அதைக் காப்பாற்றும். இல்லையென்றால் கூட்டுத்தொகை எப்படி உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல எளிய வழி கிடையாது. எண்ணியலின் கடினமான கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முளைக்கின்றன. 2-க்கு மேற்பட்ட ஒவ்வொரு இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூடுதலா என்ற கோல்ட்பாக் கேள்வி 1742-இலிருந்து விடையின்றி நிற்பதற்கும் காரணம் இதுவே: பகா எண் என்பது பெருக்கலின் சொல், கேள்வியோ கூட்டலைப் பற்றியது. (நம் எண் நிச்சயம் அப்படிப் பிரியும். கணினி கொண்டு 4-ஐத் தொடர்ந்து 18 சுழியங்கள் போட்ட எண் வரை சரிபார்த்துவிட்டார்கள்.)

கூட்டலும் பெருக்கலும் சந்தித்து, அழகான விடையும் கிடைத்த இடம் ஒன்று உண்டு: வர்க்கங்களின் கூடுதல். நம் மூன்று எண்களும் அதற்கென்றே வரிசையில் நிற்பது போல நிற்கின்றன.

முதலில் பகா எண்ணான 18,70,373. இதை 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட ஒவ்வொரு பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக, ஒரே ஒரு விதத்தில் எழுதலாம் என்று ஃபெர்மா 1640-இல் எழுதிய கடிதத்தில் சொன்னார். அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் அதை நிறுவினார். தேடிப் பார்த்தால் கிடைக்கிறது:

18,70,373 = 1,262² + 527²

1,262-இன் வர்க்கம் 15,92,644. 527-இன் வர்க்கம் 2,77,729. கூட்டிச் சரிபார்க்கலாம். எண் இவ்வளவு பெரிதாக இருந்தும், வரிசையை மாற்றி எழுதுவதை விட்டால் வேறு ஜோடி கிடையாது.

அடுத்து நம் மாவட்ட எண். இதை இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க முடியுமா? முடியாது, காரணம் இரண்டே வரி. எந்த வர்க்கத்தையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1, 2 வராது. ஆகவே இரண்டு வர்க்கங்களின் கூடுதல் 3-ஆல் வகுபட வேண்டுமானால் இரண்டுமே தனித்தனியாக 3-ஆல் வகுபட வேண்டும். அப்போது இரண்டும் 9-ஆலும் வகுபடும், கூடுதலும் 9-ஆல் வகுபடும். ஆனால் 18,70,374 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. மேலே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஆக இரண்டு போதாது. மூன்று போதும், மேலே உள்ளதோடு 1-ஐச் சேர்த்தால் ஆயிற்று:

18,70,374 = 1,262² + 527² + 1²

மூன்றாவது 18,70,375. இதற்கு மூன்று வர்க்கங்களும் போதாது. வர்க்கங்களை 8-ஆல் வகுத்தால் வரும் மீதிகள் 0, 1, 4 மட்டுமே. இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வரவே வராது. வேண்டுமானால் தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டால் வகுக்க கடைசி மூன்று இலக்கங்களே போதும். 375-ஐ வகுத்தால் மீதி 7. ஆகவே நான்கு வேண்டும்:

18,70,375 = 1,262² + 527² + 1² + 1²

ஒன்றுக்கு இரண்டு, அடுத்ததற்கு மூன்று, அதற்கடுத்ததற்கு நான்கு. ஐந்து வேண்டிய எண் எங்கேயும் கிடையாது என்று 1770-இல் லக்ராஞ்சு நிறுவினார். எந்தெந்த எண்களுக்கு மூன்று போதும் என்பதை அந்த நூற்றாண்டின் இறுதியில் லெஜாந்திரு முடித்துவைத்தார். மகிழ்ச்சி எண்ணையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வகைப்பாடுகளுக்குள் உள்ள தர வேறுபாடு புரியும். அங்கே ஒரு செய்முறை உண்டு, "ஏன்" கிடையாது. இங்கே ஒவ்வொரு எண்ணும் தன் மீதிகளால் கட்டுப்பட்டிருக்கிறது, அந்தக் கட்டுப்பாட்டை இரண்டு வரியில் காட்டவும் முடிகிறது.

நாகர்கோவிலில் படித்த ஒருவர்

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் எடுத்துச் சென்றவர்களில் ஒருவர் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தவர் என்பது இந்த மாவட்டத்தில் பலருக்குத் தெரியாது. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, கணித உலகில் எஸ். எஸ். பிள்ளை. 1901-இல் குற்றாலம் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இங்கே படிப்பை முடித்துத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார். 1929-இலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதுதான் அவருடைய முக்கியமான வேலைகள் நடந்தன. இராமானுசனுக்கு இருக்கும் புகழில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்கு இங்கே கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

1933-இல் அவர் ஆராய்ந்த ஒரு சார்பு (function, ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணைத் தரும் விதி) இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஓர் எண்ணை எடுத்துக்கொள். 1 முதல் அந்த எண் வரை ஒவ்வொன்றோடும் அதற்கு உள்ள மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டு எல்லாவற்றையும் கூட்டு. வர்க்கக் காரணி அற்ற எண்ணுக்கு வழி எளிது. ஒவ்வொரு பகாக் காரணியையும் இரட்டித்து ஒன்று கழித்துப் பெருக்கினால் போதும். நம் எண்ணுக்கு 3 × 5 × 21 × 33 × 3,333 = 3,46,46,535. எண்ணால் வகுத்தால் சராசரி பதினெட்டரை. பக்கத்திலுள்ள பகா எண்ணுக்கு இதே சராசரி இரண்டைக்கூடத் தொடாது. காரணிகளை எண்ணிக்கையாகப் பார்ப்பதைவிட, ஓர் எண் மற்ற எண்களோடு எவ்வளவு உறவாடுகிறது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது.

அவருடைய பெரிய வேலை வேறு. லக்ராஞ்சு நான்கு வர்க்கங்களை நிறுவிய அதே 1770-இல் இங்கிலாந்தில் வேரிங் ஒரு நூலில் எழுதினார்: எந்த எண்ணும் நான்கு வர்க்கங்களின், ஒன்பது கனங்களின், பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூடுதல், இப்படியே மேலேயும். மேலே என்றால் எத்தனை? ஆறாம் அடுக்கை எடுங்கள். 1, 64, 729 என்று போகும். 703-ஐப் பிரிக்க வேண்டுமானால் 729 பெரிது, உதவாது. 64-ஐப் பத்து முறை எடுக்கலாம், 640. பதினொன்றாவது எடுத்தால் 704 ஆகித் தாண்டிவிடும். மிச்சம் 63-க்கும் ஒன்று ஒன்றாகத்தான் போட வேண்டும். ஆக 73 தேவை. வர்க்கங்களில் 7 என்ற எண் 4 + 1 + 1 + 1 என்று நான்கைக் கேட்பதும் இதே நெருக்கடியால்தான். 73-க்கு மேல் கேட்கும் எண் எங்கேயும் இல்லை என்று காட்டுவதுதான் கடினம். 1940-இல் அதைக் காட்டியவர் பிள்ளை. நம் 18,70,374-ஐ ஆறாம் அடுக்குகளாகப் பிரிக்க, 11-இன் ஆறாம் அடுக்கான 17,71,561-ஐ எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு 6-இன் அடுக்கு இரண்டு, 4-இன் அடுக்கு ஒன்று, 3-இன் அடுக்கு ஒன்று, 64 பத்து முறை, 1 முப்பத்தாறு முறை என்று போட்டால் 51 உறுப்புகளில் முடிந்துவிடுகிறது.

ஆறுக்கு மேற்பட்ட அடுக்குகளுக்கான பொது விடையை 1930-களின் நடுவில் பிள்ளையும் அமெரிக்காவின் டிக்சனும் ஒருவரையொருவர் சாராமல் கண்டார்கள். ஐந்தாம் அடுக்கு 1964-இல் சீனாவின் சென் கையில் முடிந்தது. நான்காம் அடுக்கின் 19 எல்லாவற்றுக்கும் கடைசியாக, 1986-இல், ஆர். பாலசுப்பிரமணியன் இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்களோடு சேர்ந்து முடித்தது. சிறிய அடுக்கு கடைசியில் விழுந்தது விசித்திரமாகத் தோன்றலாம். பெரிய அடுக்குகளில் 703 போன்ற சின்ன எண்கள்தான் தொல்லை, அவை வெளிப்படையானவை. நான்கிலும் 79 என்ற சின்ன எண்தான் 19-ஐக் கேட்கிறது, ஆனால் மற்ற எல்லா எண்களுக்கும் 19 போதும் என்று காட்டுவது அங்கே மிகக் கடினமாக இருந்தது.

1950 ஆகஸ்ட் 31 அன்று, ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் பிள்ளை இறந்தார். வயது 49. அவரும் டிக்சனும் தந்த விடையில் ஒரு நிபந்தனை உண்டு: ஒன்றரையின் அடுக்கை எடுத்தால் அதன் பின்னப் பகுதி 1-க்கு மிக மிக நெருங்கிவிடக் கூடாது. நெருங்கினால் அந்த அடுக்குக்குச் சூத்திரம் சற்று மாறும். அப்படி மீறும் அடுக்குகள் இருந்தாலும் அவை முடிவுள்ள எண்ணிக்கையில்தான் இருக்கும் என்று 1957-இல் மாலர் நிறுவினார். 1990-இல் கணினியில் 47 கோடியே 16 லட்சம் வரையுள்ள அடுக்குகளைச் சோதித்ததில் ஒன்றும் சிக்கவில்லை. ஒன்றுமே கிடையாது என்பதற்கான நிறுவல் இன்றுவரை வரவில்லை.